ஏத்தத்தில் விழுந்த குடும்பம்

எனக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியை வெட்டி மட்டம் பண்ணுவது. ஆனால் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், யாராவது கண்ணை மூடினால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நடக்க வேண்டியவன் நான்தான். இழவு சொல்லப் போவது என் பொறுப்பு. எங்கள் தோட்டம் லிந்துலைப் பக்கம். சொந்தக்காரர்கள் டயகமவில் இருப்பார்கள், ராகலையில் இருப்பார்கள், நடுவில் எத்தனையோ மலை. தந்தி அடித்தால் மூன்றாம் நாள் போய்ச் சேரும். பிணம் அதுவரை காத்திருக்காது.

அதற்குச் சில முறை இருக்கிறது. வாசலில் நின்று சொல்ல வேண்டும். உள்ளே போகக் கூடாது. தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. எப்படி ஆச்சு என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பங்காளி வீட்டுக்கு முதலில் போக வேண்டும், பெண் கொடுத்தவன் எடுத்தவன் வீட்டுக்குப் பிறகு. வரிசை தப்பினால் சண்டை. பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டே சண்டை போடுவார்கள். எனக்குத் தப்பினதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்போடு நின்றவன் நான். எதையும் எழுதி வைக்கவில்லை.

என் அக்காவை மேட்டு லயத்தில் ஒரு வீட்டில் கொடுத்திருந்தோம். நல்ல குடும்பம். வேலைக்கு அஞ்சாத ஆட்கள். அந்த வீட்டில் ஒரு குறை மட்டும் இருந்தது. திடீரென்று விழுவார்கள்.

முதலில் அக்கா புருசன். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அடுத்த வருசம். பத்து மணிக்கு ரொட்டி தின்றுவிட்டு, எங்களோடு கேலி பேசிக்கொண்டு மலை ஏறினார். நாலு எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தவர் அப்படியே முகம் குப்புற விழுந்தார். நான் ஓடிப்போய்த் திருப்பினேன். முடிந்துவிட்டது. வயது இருபத்தெட்டு. அந்த ஏத்தத்தில் ஒரு முனி மரம் இருந்தது. முனி அடித்துவிட்டது என்றார்கள். நானும் வீடு வீடாகப் போய் அதைத்தான் சொன்னேன்.

ஆறேழு வருசம் கழித்து அவருடைய தம்பி, டயகமவில். கிளித்தட்டு விளையாடும்போது. அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை குட்டி இருந்தது. அதுவும் முனி என்றார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய அத்தை ஒருத்தி, கொழுந்துக் கூடையோடு ஏறும்போது. மறுபடியும் முனி. நான் பூசாரியிடம் கேட்டேன்.

“ஏங்க, லிந்துலை முனி டயகமவுக்கு எப்படிங்க போச்சு?”

“நடந்து போயிருக்கும்டா.”

“நான் நடந்தே ஒரு நாள் ஆகுதுங்க.”

“நீ மனுசன். அது முனி. போடா வேலையப் பாத்துக்கிட்டு.”

போனேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. மூன்று பேர், மூன்று இடம். விழுந்த விதம் மட்டும் ஒன்று. காய்ச்சல் இல்லை, படுக்கை இல்லை, வலி என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்று தரமும் நான் ஒரே வாக்கியத்தைத்தான் வாசல் வாசலாகச் சொன்னேன்.

நாலாவது, அக்கா மகன். பத்தொன்பது வயது. உர மூட்டையை மலை உச்சியில் இறக்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். யாரோ என்னமோ சொன்னதற்குச் சிரித்தான். சிரித்தபடியே சாய்ந்தான்.

இந்தத் தடவை விசாரணை என்று டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறுத்துப் பார்த்த டாக்டர் அக்காவையும் என்னையும் ஐந்தாம் நாள் வரச் சொன்னார். சின்ன வயசு. கண்ணாடி போட்டிருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. அக்காவுக்குப் பாதி பிடிபடவில்லை.

“இந்தப் பெடியன்ர தகப்பன் எப்பிடிச் செத்தவர்?”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“ஏத்தத்துல விழுந்தாருங்க” என்றேன்.

“நெஞ்சு நோ ஏதும்?”

“இல்லீங்க. ரொட்டி தின்னாரு, ஏறினாரு, விழுந்தாரு.”

“அவற்ற ஆக்களில வேற ஆரும் இப்பிடி?”

“இருக்காங்க. எழுதிக்கிறீங்களா?”

அவர் பேனாவை எடுத்தார். நான் வரிசையாகச் சொன்னேன். யார், யாருக்கு என்ன முறை, எந்தத் தோட்டம், விழும்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள், சொல்ல எங்கெங்கே போனேன். அக்கா மாமனார் செத்ததைச் சொல்லப் போனது என் அப்பா. அதையும் சொன்னேன். அந்த மாமனாரும் ஏத்தத்தில்தான் விழுந்தார். பாதியில் பேனா நின்றது.

“இதெல்லாம் எங்க எழுதி வச்சிருக்கிறீர்?”

“எழுதலீங்க. நடந்தேன்.”

 அவர் பேனாவை வைத்துவிட்டு, விரல்களை மடக்கி முட்டி பிடித்துக் காட்டினார். இருதயம் இந்த அளவு. அதற்குள்ளே சுவர் மாதிரித் தசை. இந்தப் பையனுக்கு அந்தச் சுவர் இரண்டு மடங்கு தடித்துக் கிடந்தது. ரத்தம் வெளியே போகிற வாசல் ஒடுங்கிவிட்டது. சும்மா இருக்கும்போது தெரியாது. மூச்சு வாங்க ஏறினால், பாரம் தூக்கினால், இருதயம் வேகமாக அடித்து ஒரு கட்டத்தில் தாளம் தப்பி நின்றுவிடும். இது குடும்பத்தில் இறங்கி வருகிற நோய். வெளிநாட்டிலேயே இப்போதுதான் இதைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். இந்தத் தீவில் யாரும் குடும்பமாகப் பார்த்ததில்லை. ஏன் வருகிறது, எப்படி இறங்குகிறது, எப்படித் தடுப்பது என்று தெரிய வேண்டுமானால் உயிரோடு இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டும். இதைத்தான் அவர் சொன்னார்.

 அப்போதுதான் அக்கா கேட்டாள்.

“எம்புள்ள நெஞ்சு எங்கங்க?”

டாக்டர் பொய் சொல்லவில்லை. பக்கத்து அறையில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய போத்தலில் இருக்கிறது என்றார். நாங்கள் புதைத்தது அது இல்லாத உடம்பை.  எழுந்து நின்றேன்.

“உக்காரு தம்பி” என்றாள் அக்கா. டாக்டரைப் பார்த்து, “பத்திரமா வச்சிருங்க” என்றாள். அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் என்னிடம் ஒரு வேலை சொன்னார். ரத்த உறவு எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் என்றார். இருபத்தாறு என்றேன். ராகலையிலும் இருக்கிறார்களா என்றார், அங்கே யாரும் சொந்தமில்லை என்றேன். எத்தனை நாள் வேண்டும் என்றார். மூன்று என்றேன்.

அதில் ஒரு தப்பு நடந்தது. எனக்குத் தோன்றவில்லை, அவருக்கு எப்படித் தோன்றும். டயகமவில் முதல் வீட்டுப் படியில் நான் கால் வைக்கவில்லை, உள்ளேயிருந்து ஒப்பாரி கிளம்பிவிட்டது. இழவு சொல்லப் போகும்போது நான் போர்த்திக்கொள்ளும் கம்பளியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்கள். பெண்கள் முடியை அவிழ்த்துவிட்டு ஓடி வந்தார்கள். போன மாசம் வந்தவன் மறுபடியும் வருகிறான் என்றால் வேறு என்ன நினைப்பார்கள்.

“யாரு? யாருய்யா? சொல்லித் தொலைங்களேன்!”

“யாரும் சாகல.”

“மறைக்காதீங்க!”

“மறைக்கல ஆத்தா. எல்லாரும் உசுரோட இருக்காங்க. நெஞ்சப் பாக்க டாக்டர் வராரு. ஞாயித்துக்கெழம வாங்க.”

வீட்டுக் கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அத முன்னாலயே கத்திக்கிட்டு வர வேண்டியதுதான? மூஞ்சியும் மொகரையும் பாரு! இழவு மூஞ்சிய வச்சிக்கிட்டு நல்ல சேதி சொல்ல வந்துட்டான்.”

அடுத்த வீடுகளுக்குக் கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். அப்போதும் இரண்டு வீட்டில் அழுதார்கள். உள்ளே போய் உட்கார்ந்து தேத்தண்ணி வாங்கிக் குடித்தால்தான் நம்புவார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த மூன்று நாளில் எத்தனை தேத்தண்ணி குடித்தேன் என்று கணக்கில்லை. வயிறு நொந்துபோய்த்தான் வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்தார்கள். டாக்டர் ஒரு பெட்டியைக் காரில் கொண்டுவந்தார். கையிலும் காலிலும் வார் கட்டினால் பெட்டியிலிருந்து நீளமாகக் காகிதம் ஓடும். அதில் மலை மலையாகக் கோடு. குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்பார். பிறகு குந்தச் சொல்வார். எழச் சொல்வார். மறுபடி கேட்பார். குந்தும்போது உள்ளே சத்தம் அடங்கி, எழும்போது பெரிசானால் அந்த நோய் இருக்க இடமுண்டு என்றார். வயசாளிகளை நாலு தரம் குந்தி எழவைத்ததில் ஒரு கிழவி, “இவரு டாக்டரா, பள்ளிக்கூடத்து வாத்தியாரா?” என்று கேட்டாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அந்தக் குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து சிரித்ததைப் பார்த்தேன். எப்போதும் பிணத்தைச் சுற்றித்தான் கூடுவார்கள்.

இரண்டு பேருக்கு இருந்தது. டயகமவில் செத்தவனுடைய மூத்த மகனுக்கு. கூடையோடு விழுந்தவளுடைய கடைசி மகளுக்கு. இருவரும் நன்றாக ஓடியாடித் திரிகிறவர்கள்.

சாயந்தரம் டாக்டர் ஒரு பெரிய தாளில் படம் போட்டார். ஆண் என்றால் சதுரம். பெண் என்றால் வட்டம். நோய் இருந்தால் கறுப்பு அடிப்பார். மேலே இருந்து கீழே கோடு இறங்கியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் நடந்த பாதைதான் அது.

“தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளையளில பாதிப் பேருக்கு வரலாம்” என்றார். “ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. உம்மட அக்காவுக்கு எத்தினை பிள்ளையள்?”

அக்கா பக்கத்தில் நின்றாள்.

“ஒண்ணுங்க” என்றேன். “அவந்தான் போயிட்டான்.”

அவர் ஒரு சதுரம் போட்டுக் கறுப்பு அடித்தார்.

நான் சொன்னது பொய். அக்காவுக்குப் பிள்ளை இரண்டு.

புருசன் விழுந்தபோது அக்கா கையில் ஆறு மாசக் குழந்தை இருந்தது. பெண் குழந்தை. அந்த அதிர்ச்சியில் பால் நின்றுவிட்டது. இன்னொரு பக்கம் நாலு வயசுப் பையன். ராகலையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு புருசன் பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் இருந்தார்கள். எங்களுக்குச் சொந்தமில்லை. நான்தான் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர்கள் தங்கள் பிள்ளை என்றே பதிந்தார்கள். பிறகு இலங்கைப் பிரஜா உரிமைக்கு எழுதிக் கொடுக்கும் காலம் வந்தது. மூன்று பேரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு பொய் வெளியில் வந்தால் மூன்று பேர் காகிதமும் குப்பை. அதனால் கோயிலில் கற்பூரம் அணைத்து என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

ஆனால் அக்கா ஒன்றை மட்டும் விடவில்லை. புருசன் வீட்டில் யார் செத்தாலும் ராகலைக்கும் சொல்லிவிட வேண்டும் என்றாள். ரத்தம் ரத்தம்தான், தீட்டுக் கழிக்காமல் இருக்கக் கூடாது என்றாள். நான் போய் வளர்க்கிற தாயிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு வருவேன். அவள் ஏதோ சாக்குச் சொல்லிப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிவிடுவாள். போன மாசமும் போனேன். அன்றைக்கு அந்தத் தாய் சொன்னாள், “புள்ளைக்கு ஏத்தத்துல கண்ணு இருட்டுதாம்ண்ணே. ரத்தம் பத்தாதுன்னு நெனச்சோம். டிஸ்பென்சரியில நெஞ்சுக்குச் சொட்டு மருந்து குடுத்திருக்காங்க.”

அப்போது அது என் காதில் ஏறவில்லை. டாக்டர் ‘பாதிக்குப் பாதி’ என்றபோதுதான் ஏறியது. ஏறின பிறகும் ‘ஒண்ணு’ என்றுதான் வாயில் வந்தது. பதினைந்து வருசம் சொல்லிப் பழகிய வாய்.

அக்காவும் நானும் லயத்துக்கு ஏறினோம். பாதி வழியில் அக்கா நின்றாள்.

“ஒண்ணுன்னுட்டியே.”

“நீயும் பக்கத்துலதான நின்ன.”

“நீ பேசுவேன்னு நின்னேன்.”

“சத்தியம் இருக்குல்ல. காகிதம் வேற இருக்கு.”

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். அவளுக்கு நோய் இல்லை. வயசு.

“காகிதம் கெடைக்கலேன்னா என்ன பண்ணுவாங்க?”

“இந்தியாவுக்கு அனுப்புவாங்க.”

“நம்ம ஊருல மலை இருக்கா?”

“அப்பா சொன்னத வச்சிப் பாத்தா பொட்டல்தான்.”

“அப்ப என்ன? போகட்டும். ஏற வேணாம்ல.”



இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு லீவு கிடைத்தது. நுவரெலியா போய் அங்கிருந்து ராகலை பஸ் பிடித்தேன். இந்தத் தடவை கம்பளி எடுத்துப் போகவில்லை. குளிரில் விறைத்துக்கொண்டே போனேன். என்ன பிரயோசனம். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அந்தத் தாய் என்னைக் கண்டதும் குடத்தை நழுவவிட்டாள்.

“இப்பதானேண்ணே வந்துட்டுப் போனீங்க. இந்தத் தடவ யாரு?”

“யாருமில்ல. இன்னிக்கு வரைக்கும்.”

அவர்களுடைய காம்பிராவுக்குள்ளே, அந்த ஒற்றை அறைக்குள்ளே, போனதும் சொன்னேன். நோய் என்ன, எப்படி இறங்கும், பையன் நெஞ்சு எப்படி இருந்தது, எல்லாம். பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், யார் பிள்ளை என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்றேன்.

“அது மட்டும் நடக்காது” என்றாள். “கோயில்ல அடிச்ச சத்தியம் என்னாச்சு?”

“இருக்கு. மாரியாத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“சும்மா நெஞ்சு நோயின்னு கூட்டிப் போறேன். குடும்பத்தப் பத்தி ஏன் பேசணும்?”

“குடும்பத்தச் சொன்னாத்தான் அவரு அந்த நோயத் தேடுவாரு. அதச் சொல்லாததாலதான் இங்க பாத்தவங்க ஏதோ நெஞ்சு நோயின்னு சொட்டு மருந்து குடுத்துட்டாங்க.”

“காகிதம் போயிரும்ண்ணே. புள்ளையும் போயிரும். ஒங்க அக்கா கேப்பாங்க, எம்புள்ளயக் குடுன்னு.”

அதுதான் உள்ளே இருந்த பயம். காகிதம் இரண்டாவது.

“கேக்க மாட்டா” என்றேன். “கேக்குறதா இருந்தா நான் வந்திருக்க மாட்டேன்.”

அவள் சத்தம் போட்டு அழுதாள். அப்போது பிள்ளை வாசலில் வந்து நின்றாள். பகல் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறாள். முதுகில் வெறுங்கூடை. உதடு வெளுத்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“அம்மா, கத்தாதீங்க. பக்கத்துக் காம்பிராவுக்குக் கேக்குது.”

“ஒண்ணுமில்லடி. மாமா ஆடு விசாரிக்க வந்தாரு.”

“எத்தன வருசமா ஆடு விசாரிக்கிறாரு? ஒரு ஆடு வாங்கிப் பாக்கல.” கூடையைக் கழற்றினாள். “இவரு வந்துட்டுப் போனா எனக்குத் தலை முழுக்கு. டயகமவுல யாரோ விழுந்தாங்கன்னு காதுல பட்டுச்சு, அன்னிக்கு மழை கொட்டுது, ‘இன்னிக்கு வெயில் நல்லாருக்கு’ன்னு சொல்லி ஊத்தினீங்க. செத்தது யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்குச் சொந்தம்னு தெரியும்.”

அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பு ஓரம் உட்கார்ந்துவிட்டாள்.

“போன மாசம் யாரு மாமா?” என்று என்னைக் கேட்டாள்.

“ஒன் அண்ணன்.”

“எப்படி?”

“ஏத்தத்துல.”

அவள் அழவில்லை. அப்படி ஓர் அண்ணன் இருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரியும். 

“எனக்கும் அங்கதான் வருது. முப்பதாம் நம்பர் மலையில, பாதியில. நின்னா கங்காணி கத்துறாரு. நிக்காட்டி கண்ணு இருட்டுது.” பிறகு அடுப்பு ஓரம் போய்த் தாய் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள், “நீங்களும் வாங்கம்மா. நீங்க வந்தாத்தான் நான் போவேன்.”

நான் முதலில் தனியாக டாக்டரிடம் போனேன்.

“ஐயா, அன்னிக்கு ஒண்ணுன்னு சொன்னேன். ரெண்டு.”

“தெரியும்” என்றார்.

“எப்படிங்க?”

“நீர் சொல்லப் போன இடங்களை எழுதினனான். தகப்பன் செத்தாப் பிறகு ஒவ்வொரு முறையும் கடைசியா ராகலை. ராகலையில இவைக்கு ஆரும் சொந்தமில்லை எண்டும் நீர்தான் சொன்னனீர். சொந்தமில்லாத வீட்டுக்கு நீர் ஏன் போறீர்? நீரா வந்து சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

எனக்குக் கோபம் வந்தது.

“பாத்துக்கிட்டா இருந்தீங்க? அந்தப் புள்ள தினமும் மலை ஏறுது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “பிழைதான்” என்றார். படித்தவர் ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

காகித விசயத்தைச் சொன்னேன். அவர் அந்தப் பெரிய தாளை விரித்துக் காட்டினார். அதில் ஒரு பெயர் இல்லை. சதுரமும் வட்டமும்தான். வயசு மட்டும் கீழே. கொழும்பில் மற்ற டாக்டர்களுக்குக் காட்டப் போவது இதைத்தான் என்றார். அக்காவுக்குக் கீழே, கறுப்புச் சதுரத்துக்குப் பக்கத்தில், ஒரு வெறும் வட்டம் போட்டார்.

“இந்த வட்டத்திட்ட ஆர் வந்து காயிதம் கேப்பினம்?”

அது எனக்குப் போதுமாக இருந்தது.

பிள்ளையை அழைத்து வந்த அன்றைக்கு அக்காவும் வந்திருந்தாள். நான் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்து வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் பிள்ளை இல்லை, அந்தத் தாய். அக்கா பிள்ளையின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டைக்கடித் தழும்பு நிறைந்த கால்.  கடைசியில் அக்கா சொன்னாள், “ஏத்தம்னா நின்னு நின்னு போகணும்.” பிள்ளை, “சரிங்க” என்றாள்.

டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். குந்தச் சொன்னார். எழச் சொன்னார். மறுபடியும் கேட்டார். குழாயை எடுக்கவேயில்லை. அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நின்று முகம் பார்த்துப் பழகியவன் நான். பெட்டியிலிருந்து வந்த காகிதத்தை மேசையில் விரித்தார். இறந்த பையனை முன்னால் யாரும் இப்படிப் பார்க்கவில்லையே என்று மெதுவாகச் சொன்னார்.

பிறகு அந்தச் சொட்டு மருந்துப் போத்தலை வாங்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து கை கழுவுகிற தொட்டியில் ஊற்றினார். அந்தத் தாய் பதறிவிட்டாள்.

“இது நெஞ்சை இறுக்கி அடிக்கப் பண்ணும். மற்ற நெஞ்சு நோய்க்கு நல்லம். இந்த நோய்க்கு, ஒடுங்கின வாசலை இன்னும் ஒடுக்கும். குடுத்தவரில பிழையில்லை. எல்லாரும் குடுக்கிறதுதான். எனக்கே போன வருசம் தெரியாது.”

“அப்ப மருந்து என்னங்க?” என்று பிள்ளை கேட்டாள்.

“இப்ப மருந்து, ஏறாமல் இருக்கிறது. ஓடக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. நெஞ்சை ஆறுதலா அடிக்கப் பண்ணுற குளிசை ஒண்டு சீமையில சோதிக்கினம். வந்தால் முதல் ஆளா உமக்குத்தான்.”

“வர்ற வரைக்கும் இருப்பனா?”

“நீர் ஏறாட்டி இருக்கலாம்.”

‘இருக்கலாம்’ என்றுதான் சொன்னார். ‘இருப்பீர்’ என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்தது.

டாக்டர் ராகலைத் தோட்டத்துத் துரைக்குக் கடிதம் எழுதினார். நெஞ்சு நோய், மலை ஏறக் கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்க வேண்டும். யார் பிள்ளை என்று அதில் ஒரு எழுத்து இல்லை. துரை படித்துவிட்டு, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் காம்பு பொறுக்கும் வேலை போடச் சொன்னார். காய்ந்த தேயிலையில் கிடக்கும் காம்பை உட்கார்ந்து பொறுக்கி எடுக்கிற வேலை. வயசான பெண்களுக்குக் கொடுப்பது. பதினைந்து வயசுப் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்ததை லயமே கேலி பேசியது. மகாராணி என்று பெயர் வைத்தார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மற்ற இருவரும் அப்படித்தான் மாறினார்கள். டயகமப் பையன் தொழுவத்தில் மாடு பார்க்கப் போனான். இன்னொருத்தி பிள்ளை மடுவத்தில் குழந்தை பார்க்கப் போனாள். மூன்று துரைமாரிடமும் நான் கடிதத்தோடு போய் நின்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஏத்தத்தில் ஆள் விழுந்தால் விசாரணை, போலீஸ். அவர்களுக்கும் அது வேண்டாம்.

அடுத்த வருசம் கொழுந்துக் காலம் வந்தது. மலை பூராவும் ஒரேயடியாகத் தளிர்த்துவிட்டது. ஆள் போதவில்லை. ஸ்டோரில் இருந்த கிழவிகளைக்கூட மலைக்கு விரட்டினார்கள். துரை கொழும்பில். டாக்டரும் அந்த வாரம் அங்கேதான், தாளைக் காட்டப் போயிருந்தார். நான் லிந்துலையில் செடி வெட்டிக்கொண்டிருந்தேன். நடந்ததை அந்தத் தாய்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை பிள்ளையின் பெயரை முப்பதாம் நம்பர் மலைக்குக் கூப்பிட்டாராம். பிள்ளை நகரவில்லை.

“ஏய், கூடையத் தூக்கு.”

“ஏற மாட்டேங்க. துரைகிட்ட கடுதாசி இருக்குங்க.”

“துரை வரட்டும், கடுதாசிய அவருகிட்ட காட்டு. ரெண்டு வாரம்தான். ஏறு.”

“ரெண்டு வாரம் வேணாங்க. ஒரு நாள் போதும், விழுறதுக்கு.”

வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.  அந்தத் தாய்க்கு, பெயரை வெட்டி வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். போய் மகள் கையைப் பிடித்திருக்கிறாள். பிள்ளை கையை விடுவித்துக்கொள்ளவில்லையாம், நகரவும் இல்லையாம்.

கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். “எல்லாரும் ஏறுறாங்க, ஒனக்கு மட்டும் என்ன தனி நெஞ்சா?”

“ஆமாங்க. எங்கப்பா நெஞ்சு.”

கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டார். வளர்த்த தகப்பன் அங்கேதான், கவ்வாத்துக் கும்பலில் நின்றார். கல் மாதிரி ஆள். “ஒங்கப்பனா? அவன்தான் நாளைக்கு மூணு தடவ மலை ஏறி எறங்குறானே! ஏம்ப்பா, ஒனக்கு நெஞ்சு நோயா?”

வளர்த்த தகப்பன் மகளைப் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்.

“அவ சொல்றது சரிதாங்க” என்றார். “ஸ்டோருக்கு அனுப்பிடுங்க.”

எந்த அப்பா என்று களத்தில் யாரும் கேட்கவில்லை. பனி விலகிக்கொண்டிருந்தது, கொழுந்து காத்திருந்தது. கணக்கப்பிள்ளை அவளை விட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பிள்ளை ஸ்டோர் பாதையில் இறங்கிப் போனாள்.